காற்றாலைக் காத்தாடி இத்தனை சுற்றியும் மேட்டூரில் கரி எரிவது ஏன்?

பல்லடம் பக்கம் எட்டு விசைத்தறி ஓட்டும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “கேத்தனூர்ல இருந்து உடுமலை வரைக்கும் திரும்பின பக்கமெல்லாம் காத்தாடிங்க. மில்லுக் கூரை பூராவும் சோலாருங்க. நீலகிரியில பவர் ஹவுஸ் இருக்குதுங்க. அப்புறமும் மேட்டூர்ல எதுக்குங்க கரி எரிக்கிறாங்க? இது ஒவ்வொண்ணுலயும் கரண்ட் எப்படிங்க வருது? எங்க தறிக்கூடத்துக்கு இதுல எதுங்க சரிப்படும்?”

மூன்றுக்கும் பதில் கடிகாரத்தில் இருக்கிறது. மின்சாரத்தைச் சோளம் மாதிரி குதிரில் கொட்டி வைத்து வேண்டும்போது அள்ளிக்கொள்ள முடியாது. இந்த நொடி உங்கள் தறி மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை இந்த நொடியிலேயே எங்கோ ஒரு இயந்திரம் உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும். தேவை கூடி உற்பத்தி பின்தங்கினால், ஒரே கம்பிவலையில் ஓடும் ஜெனரேட்டர்கள் எல்லாவற்றின் வேகமும் துளி இறங்கும். அதிர்வெண், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைந்து வருகிறது என்ற எண், 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும். அதை 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே பிடித்து வைப்பதே சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கும் சுமை அனுப்பு மையங்களின் இரவு பகல் வேலை. ஆகவே ஒரு ஆதாரம் தீர்ந்துபோகுமா போகாதா என்று பார்ப்பதோடு, அது எந்த நேரத்தில் எவ்வளவு தரும், கேட்டவுடன் தருமா என்றும் பார்க்க வேண்டும்.

பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வோம். வெயில், காற்று, ஆற்று நீர், கரும்புச் சக்கை, சாணம் ஆகியவை எடுக்க எடுக்கத் திரும்ப வருபவை; புதுப்பிக்கத்தக்கவை. நிலக்கரி, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, டீசல், எரிவாயு, யுரேனியம் ஆகியவை எடுத்த அளவுக்குக் குறைபவை. விறகு நடுவில் நிற்கிறது. வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர்ந்தால் முதல் வகை, வளராவிட்டால் இரண்டாம் வகை.

சோலார் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசி வேலை ஒன்றுதான்: செம்புக் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் சுற்றுவது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டு சொன்னது இது. காந்தம் சுற்றினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். இரண்டு துருவக் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். நீராவி டர்பைனுக்கு, அதாவது நீராவி அடித்துச் சுழற்றும் இறக்கைச் சக்கரத்துக்கு, அந்த வேகம் சுலபம். தண்ணீரால் அவ்வளவு வேகமாகச் சுற்ற முடியாது. அதனால் துருவங்களைக் கூட்டுவார்கள். 10 துருவம் வைத்தால் 600 சுற்றுப் போதும். 80 துருவம் வைத்தால் 75 சுற்றே போதும். எதைக் கொண்டு சுற்றுகிறோம் என்பதில்தான் வித்தியாசமெல்லாம்.

நம் பகுதியின் மின் வரலாறு தண்ணீரில் தொடங்குகிறது. கோவையின் முதல் பஞ்சாலை 1888-இல் வந்தது. அன்றைய ஆலைகளுக்கு நீராவி இயந்திரமே கதி. 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கி, மலையிலிருந்து மின்கம்பி கோவைக்கு இறங்கிய பிறகுதான் மில்கள் வரிசையாக முளைத்தன.

நீர்மின்சாரத்தின் கணக்கு இரண்டே எண்தான்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. ஒரு டேங்கர் லாரித் தண்ணீரை, 12,000 லிட்டரை, எடுத்துக்கொள்ளுங்கள். பைக்காராவில் அது 900 மீட்டருக்கும் மேலே இருந்து இரும்புக் குழாயில் இறங்கி வருகிறது. ஏறக்குறைய 25 யூனிட் தரும். அதே டேங்கர் தண்ணீர், மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கும்போது அணையடி டர்பைனில் விழுந்தால் 1 யூனிட். செக்கானூர் மாதிரி ஆறு மீட்டர் அளவுக்கே நீர்மட்ட வேறுபாடு உள்ள கதவணையில் ஆறில் ஒரு பங்கு யூனிட். ஒரு மின்விசிறி இரண்டு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். மலையில் உயரம் அதிகம், தண்ணீர் கொஞ்சம். காவிரியில் உயரம் குறைவு, தண்ணீர் ஏராளம். அதனால் இயந்திரமும் மாறுகிறது. மலை மின்நிலையங்களில் பெல்டன் சக்கரம்: கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தின் மேல் ஊசிமூக்குக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். மேட்டூரில், தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து நடுவழியே வெளியேறும் பிரான்சிஸ் டர்பைன். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை வரிசையில் இருக்கும் கதவணைகளில், ஜெனரேட்டரே குமிழ் மாதிரித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பல்ப் டர்பைன். ஒரு கதவணைக்கு 15 மெகாவாட் வீதம் இரண்டு.

தண்ணீரில் எனக்குப் பிடித்த விஷயம், அது எரிந்துபோவதில்லை. பைக்காராவில் மின்சாரம் தந்த தண்ணீர் மாயாற்றில் இன்னொரு முறை டர்பைனைச் சுற்றுகிறது. பவானிசாகரில் மறுபடியும் சுற்றுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் போன பங்கு மஞ்சளுக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. ஆற்றில் போன பங்கு கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து ஈரோட்டைத் தாண்டுகையில் வெண்டிபாளையம் கதவணையில் திரும்பவும் மின்சாரம் தருகிறது. குந்தா வரிசை நீர் பில்லூருக்கு வந்து மின்சாரமும் தந்து, கோவைக்குக் குடிதண்ணீரும் ஆகிறது.

ஆனால் மடையைத் திறப்பது மின்சாரத்துக்காக இல்லை. மேட்டூரில் குறுவைக்கு ஜூன் 12 என்பது வழக்கமான தேதி; நீர்மட்டம் போதாவிட்டால் அது தள்ளிப்போகும், மின் உற்பத்தியும் கூடவே தள்ளிப்போகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் மாதிரி அமைந்தால், திரும்ப வரும் ஆதாரம் என்ற பெயர் அந்த ஆண்டுக்கு உதவாது. மற்றபடி நீர்மின்சாரத்தின் பெரிய பலம் வேகம். நின்றுகொண்டிருக்கும் டர்பைனைச் சில நிமிடங்களில் முழுச் சுமைக்குக் கொண்டுவரலாம். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது முதலில் கைகொடுப்பது மலை மின்நிலையங்களே.

காற்றுக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் இல்லையென்றால் உங்கள் ஊரில் காத்தாடியே இருக்காது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டருக்கு உடைந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்குண்டு வேகமெடுத்துப் பொங்கலூர், பூளவாடி, தாராபுரம் மேட்டு நிலங்களில் பாய்கிறது. மே மாதக் கடைசியில் தொடங்கும் காற்று செப்டம்பர், அக்டோபர் வரை வீசும். ஆடியில் அம்மி பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னதை இன்றைக்கு மெகாவாட்டில் அளக்கிறோம்.

காற்றாலையில் புரிந்துகொள்ள வேண்டியது ஒரே விதி: காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. இறக்கை வட்டம் 100 மீட்டர் விட்டமுள்ள 2 மெகாவாட் இயந்திரத்தைக் கணக்குப் போட்டால், காற்று நொடிக்கு 6 மீட்டர் வீசும்போது 400 கிலோவாட் அளவுக்கே வரும். 3 மீட்டராக இறங்கினால் 50 கிலோவாட்கூடத் தேறாது. 12 மீட்டருக்கு ஏறினால் முழு 2000 கிலோவாட். அதற்கு மேல் வீசினால் இறக்கைகள் தாமே திரும்பிக் காற்றை நழுவ விடும். 25 மீட்டரைத் தாண்டினால் பாதுகாப்புக்காக நிறுத்திக்கொள்ளும். எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் காற்றிலுள்ள சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. முழுக்க எடுத்துவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் நகராமல் நின்றுவிடும், புதுக்காற்று வர இடமிருக்காது.

பெரிய இறக்கை நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுத்தான் போகும். பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் அதை நூறு மடங்கு பெருக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். 690 வோல்ட்டில் வருவதை அடியிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 33,000 வோல்ட்டாக ஏற்றித் துணைமின் நிலையத்துக்கு அனுப்பும். பழுதும் பெரும்பாலும் அந்தக் கியர்பாக்ஸ் பேரிங்கில்தான் வரும். காற்று சீராக வராமல் வெட்டி வெட்டி வீசுவதால் பற்களின் மேல் விழும் அடி ஓயாது. எண்ணெயில் இரும்புத்தூள் தெரிகிறதா என்று ஆனி பிறக்கும் முன்பே பரிசோதித்துவிட வேண்டும். சீசன் நடுவில் கியர்பாக்ஸ் போனால் 80 மீட்டர் உயரத்திலிருந்து இறக்கப் பெரிய கிரேன் வர வேண்டும், அந்த வருஷ வருமானத்தில் பெரும்பங்கு போய்விடும். 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களுக்கு இன்னொரு சிக்கல்: அவற்றின் ஜெனரேட்டர் ஓடுவதற்கே கம்பிவலையிலிருந்து காந்தமூட்டும் மின்சாரத்தை இழுக்கும். அதை ஈடுகட்டும் கெபாசிட்டர் பெட்டி செத்துவிட்டால் அந்த ஊருக்கு வரும் மின்பாதையில் (ஃபீடரில்) வோல்டேஜ் விழும், இயந்திரக்காரருக்குத் தனிக் கட்டணமும் வரும். நல்ல காற்றுள்ள இடங்களையெல்லாம் அந்தக் குட்டி இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு உயரமான புது இயந்திரங்களை வைப்பது, புது நிலம் தேடுவதைவிட நமக்கு நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

காற்றின் நேரம் நமக்குப் பாதி ஒத்துவருகிறது. ஆடியில் அது ராத்திரியும் வீசும். இரவு ஷிஃப்ட் ஓடும் தறிக்கு நல்லது. ஆனால் மார்ச், ஏப்ரலில், ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் சுற்றித் தேவை உச்சத்தில் நிற்கும் மாதங்களில், காத்தாடி அசையாது.

இப்போது மேட்டூர்க் கரி. கொதிகலன், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த ஒரு தொகுதியை அலகு என்பார்கள். அங்கே 210 மெகாவாட் அலகு நான்கு, 600 மெகாவாட் அலகு ஒன்று, ஆக 1440 மெகாவாட். ஒடிசாவின் தால்சேர் சுரங்கக் கரி கப்பலில் எண்ணூருக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி வருகிறது. அதை முகப்பவுடர் பதத்துக்கு அரைத்து, சூடான காற்றோடு கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். உள்ளே சுவர் முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள். பிறக்கும் நீராவியை 540 டிகிரிக்குச் சூடேற்றி டர்பைனில் விட, அது 3000 சுற்றில் ஓடுகிறது. வேலை முடித்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கித் திரும்பக் கொதிகலனுக்கே அனுப்புவார்கள். அந்தக் குளிர்விப்புக்கு மேட்டூர் நீர்த்தேக்கத் தண்ணீர் வேண்டும். கரி நிலையமும் காவிரியைத்தான் குடிக்கிறது.

ஒரு யூனிட்டுக்கு நம் நாட்டுக் கரி ஏறக்குறைய 700 கிராம். 210 மெகாவாட் அலகு ஒன்று முழுச் சுமையில் மணிக்கு 147 டன் எரிக்கும். நாளுக்கு ஒரு முழுச் சரக்கு ரயில். ஐந்து அலகும் முழுமூச்சில் ஓடினால் நாளுக்கு ஆறேழு ரயில். எரித்த சூட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சமே மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கியிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் போகிறது. எரித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். சிமென்ட் ஆலைக்கும் சாம்பல் செங்கல்லுக்கும் போனது போக மிச்சம் குட்டையில் தேங்கும்; வெயில் காலத்தில் காற்றடித்தால் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்களின் மூச்சில் ஏறும். கரியின் விலையில் இந்தக் கணக்கு வருவதில்லை. வர வேண்டும்.

பிறகு ஏன் நிறுத்த முடியவில்லை? ஆறிப்போன கொதிகலனை எண்ணெய் ஊற்றி எரித்து மெதுவாகச் சூடேற்றி மின்சாரம் எடுக்கப் பத்து மணி நேரமும் ஆகும். அவசரப்பட்டால் கனத்த இரும்பு ஒரு பக்கம் சூடாகி ஒரு பக்கம் ஆறி விரிசல் விடும். ஓடும் அலகையும் பாதிக்குக் கீழே இறக்குவது கடினம். 55 சதவீதம் என்பது இவ்வளவு காலம் இருந்துவந்த குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போனால் கொதிகலனுக்குள் தீ நிலையாக நிற்காது, எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டும். மத்தியானம் 12 மணிக்குச் சோலார் பொங்கும்போது கரி அலகை அணைத்துவிட்டால், சூரியன் மறைந்து தேவை எகிறும் ஏழு மணிக்கு அது எழுந்து வராது. அதனால் மத்தியானத்தில் அதைச் சிறுதீயில் வைத்துக் காக்கிறார்கள். நீங்கள் காத்தாடி சுற்றுவதையும் மேட்டூர்ப் புகையையும் ஒரே நாளில் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். மழைக்காலத்தில் நனைந்த கரி அரவை இயந்திரத்தில் அப்பிக்கொள்வதும், சாம்பல் உரசி உரசிக் கொதிகலன் குழாய் ஓட்டையாவதும் அங்கே அடிக்கடி வரும் பழுதுகள். குழாய் ஓட்டை என்றால் அலகு இரண்டு மூன்று நாள் நிற்கும்.

மேட்டூர் மட்டும் இல்லை. கரூர் மாவட்டம் புகளூரில், நேர்மின்சாரத்தை (டி.சி.) நாம் பயன்படுத்தும் மாறுமின்சாரமாக (ஏ.சி.) மாற்றும் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கர் பகுதியிலிருந்து 800 கிலோவோல்ட் நேர்மின்சாரக் கம்பியில் 6000 மெகாவாட் வரை அங்கே வந்திறங்க முடியும். அவ்வளவு தூரத்துக்கு மாறுமின்சாரத்தை அனுப்பினால் இழப்பு அதிகம். நேர்மின்சாரமாக அனுப்பி இங்கே மாற்றிக்கொள்வது சிக்கனம். அந்தக் கம்பியில் எதிர்த்திசையிலும் மின்சாரம் போகும். ஆடியில் நமக்கு மிஞ்சும் காற்றை வடக்கே அனுப்ப அது வழி. கோபுரம் நட நிலம் கொடுத்த நம் விவசாயிகளின் வருத்தமும் நியாயமானது: கம்பிக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, நில மதிப்பும் விழுகிறது. நாட்டுக்கே வேண்டிய கம்பியின் சுமையை அது கடந்துபோகும் தோட்டத்துக்காரர் மட்டும் சுமப்பது சரியில்லை.

அணுமின்சாரம் நம் பகுதியில் இல்லை. கூடங்குளத்தின் இரண்டு 1000 மெகாவாட் அலகுகளிலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் கம்பி வழியே கலந்து வருகிறது. யுரேனிய அணு பிளக்கும்போது வரும் சூட்டில் நீராவி. அதற்குப் பிறகு எல்லாம் கரி நிலையம் போலவே. இரவு பகல் ஒரே சீராக ஓடும், புகை இல்லை. எரிபொருள் மாற்ற நிறுத்தினால் ஒரேயடியாக 1000 மெகாவாட் குறைந்து நிற்கும், பயன்படுத்திய எரிபொருளைத் தலைமுறைகளுக்குக் காக்க வேண்டும்.

சேமிக்க வழியே இல்லையா என்றால், நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை: 100 மெகாவாட் இயந்திரம் நான்கு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறது. தேவை வரும்போது அதே தண்ணீரை இறக்கி அதே இயந்திரத்தில் மின்சாரம் எடுக்கிறது. நூறு யூனிட் கொடுத்தால் எழுபத்தைந்தை ஒட்டித் திரும்பக் கிடைக்கும். 1980-களின் கடைசியில் கட்டியபோது நடுராத்திரியில் மிஞ்சும் கரி மின்சாரத்தை ஏற்றத்தான் திட்டம். இன்றைக்கு மத்தியானச் சோலாரை ஏற்றிச் சாயங்காலம் இறக்கலாம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்று அமைகிறது. கரியைக் குறைக்க இப்படி இன்னும் பல வேண்டும்.

சக்கை, சாணம், கழிவு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை கேட்ட நேரத்துக்குத் தரக்கூடியவை. ஒரு டன் கரும்பு அரைத்தால் 300 கிலோ சக்கை மிஞ்சும். உயர் அழுத்தக் கொதிகலன் உள்ள சர்க்கரை ஆலையில் அதிலிருந்து நூறு யூனிட்டைத் தாண்டி எடுக்கலாம், ஆலைக்கு வேண்டிய நீராவியும் அதிலேயே கிடைக்கும். அரவை நின்ற மாதங்களில் அதே கொதிகலனில் கரி போட்டால் அது புதுப்பிக்கத்தக்க கணக்கில் வராது. சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளி மாவு கழுவிய தண்ணீரை முன்பு ஓடையில் விட்டதால் ஊர்க் கிணறே கெட்டது; இன்று அதை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து மீத்தேன் எடுத்து எரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. நாமக்கல் கோழி எருவிலும் வாயு வரும், ஆனால் அப்படியே போட்டால் தொட்டி செத்துவிடும். அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகி, வாயு உண்டாக்கும் நுண்ணுயிரையே கொன்றுவிடும். தண்ணீர் கூட்டி, சாணமோ மரவள்ளித் திப்பியோ கலந்து போட வேண்டும். தீவனத்திலுள்ள சுண்ணாம்புக் கல்லும் அடியில் கட்டிப்போகும். அதை எடுக்க வழி வைத்தே தொட்டி கட்ட வேண்டும். எந்த எருவானாலும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். இரும்புத் துருவல் நிரப்பிய வடிகட்டி வழியே விடாமல் இன்ஜினுக்குக் கொடுத்தால் பேரிங்கை அரித்துவிடும்.

சாண எரிவாயுவில் தறி ஓட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் வாயு, அதில் ஒன்றரை யூனிட். எட்டுத் தறி ஒரு மணி நேரம் ஓட 5 யூனிட் என்று வைத்தால் 85 கிலோ சாணம், அதாவது எட்டு ஒன்பது மாட்டின் ஒரு நாள் சாணம். அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு அது மிக அருமையானது.

உங்கள் தறிக்கூடத்துக்கு ஒத்து வருவது சோலார்தான். அதை எப்படிப் போடுவது என்பதில்தான் லாப நஷ்டம் இருக்கிறது.

சோலார் பலகையில் சுற்றும் பாகமே இல்லை. சிலிக்கான் வில்லையில் ஒரு பக்கம் பாஸ்பரஸும் மறுபக்கம் போரானும் துளியளவு சேர்த்திருக்கும். ஒளி விழுந்து விடுபடும் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே தள்ளப்படும். அந்த ஓட்டமே மின்சாரம். ஒரு வில்லைக்கு அரை வோல்ட் சொச்சம். இன்று கிடைக்கும் 540 வாட் பலகை கிட்டத்தட்ட ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, எடை 28 கிலோ, திறந்த சுற்றில் 50 வோல்ட்டை ஒட்டி, 13 ஆம்பியர். பத்துப் பதினைந்து பலகைகளைத் தொடராகக் கோத்தால் 500, 700 வோல்ட் நேர்மின்சாரம் வரும். இன்வெர்ட்டர் அதை மாறுமின்சாரமாக்கி ஈ.பி. லைனோடு ஒத்திசைக்கும்.

நம் பகுதியில் 1 கிலோவாட் வருஷச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மூடலில் இரண்டு மூன்றுக்கு இறங்கும். வெயில் கொளுத்தினால் அதிகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பலகைக்கு ஒளி வேண்டும், சூடு ஆகாது. சித்திரை மத்தியானம் பலகை 65 டிகிரி சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் குறையும். அதனால் தகரத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். காற்றுப் போக அடியில் அரையடியாவது விடுங்கள். தெற்கு பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு போதும்.

தறிக்கூடத்துக்கென்று சில சங்கதிகள் உண்டு. கூரை சிமென்ட் ஓடாக இருந்தால் அதில் துளையிட்டுப் பலகை மாட்டவே கூடாது. ஓடு விரியும், ஆள் ஏறினால் உடைந்து உள்ளே விழுவார். சட்டம் சுவரிலும் இரும்புத் தூலத்திலும் நிற்க வேண்டும். ஆடிக் காற்றின் தூக்கு விசையைத் தாங்குமா என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இன்வெர்ட்டரைத் தறிக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். பஞ்சு பறந்து விசிறி வலையில் அடைத்து, சூடேறி உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், பிறகு கருகும். வெளிச்சுவரில், நிழலில், மழை படாமல் வையுங்கள். நேர்மின்சாரக் கம்பிகளை இணைக்கும் கனெக்டர் இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வேறு வேறு தயாரிப்பைச் செருகினால் பார்க்கப் பொருந்தும்; உள்ளே தளர்ந்து பொறி விடும். நேர்மின்சாரப் பொறி தானாக அணையாது, பஞ்சு இருக்கும் இடத்தில் அதன் முடிவு தீ விபத்து. பலகைச் சட்டத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த் குழி கேளுங்கள். நம் சுண்ணாம்புக்கல் மேட்டில் கோடையில் எர்த் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கழுவுவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். சப்பைத் தண்ணீர் என்று நாம் சொல்லும் போர்த் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படிந்து கண்ணாடியோடு இறுகிவிடும். மழைத்தண்ணீரோ ஆற்றுக் குழாய்த் தண்ணீரோ பயன்படுத்தி, விடியற்காலையில் பலகை குளிர்ந்திருக்கும்போது கழுவி, ரப்பரால் வழித்துவிடுங்கள். தென்னை மட்டையின் நிழல் ஒரு பலகையின் ஓரத்தில் விழுந்தாலும் அந்தத் தொடரின் உற்பத்தி குறையும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாயும்போது நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். அது பழுது இல்லை. லைன்மேன் கம்பத்தில் வேலை செய்யும்போது உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் போய் அவரைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. மத்தியானத்தில் ஈ.பி. கரண்ட் இருக்கும்போதே அடிக்கடி நின்றால் வோல்டேஜைப் பாருங்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பலர் சோலார் போட்டிருந்தால் வோல்டேஜ் மேலே ஏறி இன்வெர்ட்டர் விலகும். பிரிவு அலுவலகத்தில் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜெனரேட்டர் இருந்தால் அதோடு சோலாரை நேரே சேர்க்காதீர்கள். சுமை குறைந்த நேரத்தில் சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே பாய்ந்து கெடுக்கும். இடையில் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும். டீசல் ஒரு லிட்டரில் 3 முதல் மூன்றரை யூனிட். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் எரிபொருள் செலவே யூனிட்டுக்கு 26 முதல் 31 ரூபாய். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நடுவில் நிற்காமல் இருக்கத்தான் அது. பேட்டரியும் அப்படியே. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும், அதன் ஆயுளைக் காக்கப் பாதியே எடுக்கலாம். சாயங்காலம் நாலு மணி நேரம் எட்டுத் தறிக்கு 20 யூனிட் வேண்டும். மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு ஆம்பியர் இழுப்பதால் இன்வெர்ட்டரும் பெரிதாக வேண்டும். இன்றைய நிலையில் தறிக்குப் பேட்டரி கட்டுப்படியாகாது. விளக்குக்கும் கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்கும் போதும்.

அளவு எவ்வளவு என்பது கடைசி. உங்கள் எட்டுத் தறி மணிக்கு 5 யூனிட் என்றால், எட்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டில், ஞாயிறு நீங்கலாக இரண்டு மாதத்துக்கு 4200 யூனிட்டை ஒட்டி வரும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். மிச்சத்தில்தான் சோலாரின் லாபம். 10 கிலோவாட் போட்டால் மத்தியானம் 8 கிலோவாட் வரை வரும், தறி இழுப்பதோ 5, மிஞ்சுவது ஈ.பி.க்குப் போகும். வீட்டு இணைப்பில் கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிப்பார்கள். மற்ற இணைப்புகளில் கொடுத்ததற்குக் குறைந்த விலை வைக்கும் முறை இருக்கிறது, ஈ.பி. கம்பிவலையைப் பயன்படுத்துவதற்கு நெட்வொர்க் கட்டணமும் வரலாம். உங்கள் இணைப்புக்கு எந்த முறை, இன்றைய கட்டணம் என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள். மிஞ்சுவதற்கு விலை குறைவு என்றால் 6 கிலோவாட் போதும்: 600 சதுர அடி, நாளுக்கு 24 யூனிட், ஏறக்குறைய அத்தனையும் தறியே தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போகும்.

விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்னால் ஒரு வாரம் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த எட்டு மணி நேரக் கணக்கு நாளுக்கு 40 யூனிட் வந்தால் மேலே சொன்ன 6 கிலோவாட் சரி. நூல் வராமல் பாதித் தறி நிற்கும் நாட்கள் அதிகமாகி 20 என்று வந்தால் 3 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டத்தையும் இன்வெர்ட்டரையும் பின்னால் பலகை சேர்க்க இடம் விட்டு அமைக்கச் சொல்லுங்கள்.